ஹோலஷோவிட்சே: 700 ஆண்டுப் பழைமை எதில் இருக்கிறது?

கேள்வி: மருதத்திணை

அனைவருக்கும் வணக்கம். ஐரோப்பியக் கிராமங்களின் குடியிருப்பு அமைப்பைப் பற்றிச் சில மாதங்களாகப் படித்து வருகிறேன். அந்த வரிசையில் செக் குடியரசின் தென் பொஹீமியப் பகுதியில் உள்ள ஹோலஷோவிட்சே என்ற சிற்றூரைப் பற்றிய விவரங்கள் கண்ணில் பட்டன. சுமார் 140 பேர் மட்டுமே வாழும் அவ்வூரை யுனெஸ்கோ 1998ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இடைக்காலம் முதல் மாறாமல் இருக்கும் மத்திய ஐரோப்பியக் கிராமம் என்றுதான் அதைப் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகிறார்கள்.

என் ஐயம் இதுதான். ஊரின் பெயர் ஆவணத்தில் முதன்முதலாக வருவது 1263இல். ஆனால், படங்களில் நாம் காணும் வீடுகளில் பெரும்பாலானவை 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. 16ஆம் நூற்றாண்டில் கொள்ளைநோய் ஊரையே துடைத்துவிட்டது என்கிறார்கள். அதன் பின் குடியேறிய ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்களும் இரண்டாம் உலகப் போருக்குப் பின் வெளியேற்றப்பட்டன. கட்டடம் பழையதன்று, மக்களும் பழையவர்கள் அல்லர் என்றால், எதை வைத்து அவ்வூரை இடைக்காலக் கிராமம் என்று அழைக்கிறார்கள்? அதன் புவியியல் பின்னணியையும் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1: வரைபடப்பித்தன்

வணக்கம் மருதத்திணை. நிலத்திலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் ஊர் ஏன் அந்த இடத்தில் அமைந்தது என்பதும் ஏன் பெரிதாக வளரவில்லை என்பதும் அங்கேதான் தெரிகின்றன.

தென் பொஹீமியாவின் நடுவில் வல்தாவா ஆறும் அதன் துணையாறுகளும் ஓடும் தட்டையான பள்ளத்தாக்கு ஒன்று உண்டு. அதன் தலைநகர் என்று சொல்லத்தக்க செஸ்கே புத்யெயோவிட்சே நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் ஹோலஷோவிட்சே இருக்கிறது. அங்கே சமவெளி முடிந்து, ப்ளான்ஸ்கி லெஸ் என்ற காட்டு மலைத்தொகுதி தெற்கில் எழத் தொடங்குகிறது. அதன் உச்சியான க்லெத் 1,084 மீட்டர் உயரம் கொண்டது. அம்மலையில் 1825ஆம் ஆண்டு கட்டப்பட்ட கல் பார்வைக் கோபுரமும் ஒரு வானாய்வு நிலையமும் உள்ளன. கிராமத்துக்கு வடக்கே சதுப்புத் தன்மை கொண்ட தாழ்நிலமும் மனிதர் வெட்டிய மீன்வளர்ப்பு ஏரிகளும் பரந்து கிடக்கின்றன. அவற்றுள் ஒன்றான டெக்டார் ஏரி 15ஆம் நூற்றாண்டிலேயே வெட்டப்பட்டது. தென் பொஹீமியாவில் கெண்டை மீன் வளர்ப்பு இன்றும் பெருந்தொழில் என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

ஆக, ஒரு பக்கம் விறகும் வீடு கட்ட மரமும் தரும் மலைக்காடு, மறு பக்கம் புல்லும் நீரும் மிகுந்த தாழ்நிலம், இடையில் வெள்ளம் எட்டாத மேட்டு விளைநிலம் என்ற அமைப்பு இது. 13ஆம் நூற்றாண்டில் ப்ரெமிசல் மரபு அரசர்கள் தென் பொஹீமியாவில் காடு திருத்தி ஊர்களை நிறுவ முனைந்தபோது இத்தகைய இடங்களைத்தான் தேர்ந்தார்கள். அரசர் இரண்டாம் ஓட்டகார் செஸ்கே புத்யெயோவிட்சே நகரை நிறுவியது 1265இல். ஹோலஷோவிட்சே பற்றிய எழுத்துக் குறிப்பு அதற்கு இரண்டு ஆண்டு முந்தையது என்பது எனக்குச் சுவையாகப் பட்டது. நகரம் பிறந்த பின் அதன் நிழலில் தோன்றிய ஊர் என்று இதைச் சொல்லிவிட முடியாது.

1292ஆம் ஆண்டு அரசர் இரண்டாம் வென்செஸ்லாஸ் இவ்வூரையும் அக்கம்பக்கத்து ஊர்கள் சிலவற்றையும் விஷ்ஷி ப்ரோட் மடாலயத்துக்கு வழங்கினார். ஆஸ்திரிய எல்லையை ஒட்டி வல்தாவா கரையில் 1259இல் நிறுவப்பட்ட சிஸ்டர்சியன் துறவிகளின் மடாலயம் அது. 1848இல் நிலவுடைமை முறை ஒழியும்வரை ஊர் அம்மடாலயத்தின் உடைமையாகவே இருந்தது. இப்பகுதியிலேயே இருந்த இன்னொரு சிஸ்டர்சியன் மடாலயமான ஸ்லாட்டா கொருனாவைப் பேரரசர் இரண்டாம் யோசெப் 1785இல் மூடிவிட்டார். விஷ்ஷி ப்ரோட் தப்பியது. ஐந்தரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக ஒரே உரிமையாளர் என்பது, ஓர் ஊரின் மனை எல்லைகளும் கடமைக் கணக்குகளும் தொடர்ச்சியாகப் பேணப்படுவதற்கு மிகவும் வாய்ப்பான சூழல்.

நகரமாக ஏன் வளரவில்லை என்றால், வணிகப் பாதையும் சந்தையும் புத்யெயோவிட்சேக்குப் போய்விட்டன. ஆஸ்திரியாவின் லின்ஸ் நகரிலிருந்து உப்பு ஏற்றிவர 1832இல் முழுமையடைந்த குதிரை இழுக்கும் இரயில் பாதைகூட அந்நகரைத்தான் தொட்டது. ஹோலஷோவிட்சேயில் இருப்பது 1755இல் கட்டப்பட்ட புனித நெபோமுக் யோவானின் சிற்றாலயம் மட்டுமே. இன்றும் அது தனி ஊராட்சி அன்று. யான்கோவ் என்னும் ஊராட்சியின் ஒரு பகுதியாகத்தான் நிர்வகிக்கப்படுகிறது.

மறுமொழி 2: சுதைச்சிற்பி

புவியியலை நண்பர் வரைபடப்பித்தன் நன்கு விளக்கிவிட்டார். கட்டடக்கலை என் துறை என்பதால், கேள்வியின் நடுப்பகுதிக்கு நான் விடை சொல்ல முயல்கிறேன். பழைமை இருப்பது சுவரில் அன்று, மனை வரைவில். யுனெஸ்கோவின் பதிவும் அதைத்தான் சொல்கிறது: 18, 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள், இடைக்காலத் தரைவரைவின் மேல் நிற்கின்றன. சுற்றுலாப் பக்கங்களில் முதல் பாதி மறைந்து இரண்டாம் பாதி மட்டும் தங்கிவிடுவதால்தான் உங்களுக்கு இந்த ஐயம் எழுந்தது.

அந்த வரைவைக் கற்பனையில் காண முயலுங்கள். ஊரின் நடுவே ஏறத்தாழ 210 மீட்டர் நீளமும் 70 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகப் பொதுத்திடல். புல் வளர்ந்த அத்திடலில் ஒரு குளம், முன்பு சொன்ன சிற்றாலயம், ஒரு சிலுவைக் கம்பம், பழைய கொல்லன் பட்டறை ஆகியவை உள்ளன. குளம் அழகுக்காகத் தோண்டப்பட்டதன்று. கால்நடைக்கு நீர் காட்டவும், ஊரில் தீப்பிடித்தால் உடனே அள்ளி ஊற்றவும் அது தேவைப்பட்டது. திடலைச் சுற்றி இருபதுக்கும் மேற்பட்ட பண்ணை வளாகங்கள், அவற்றில் மொத்தம் 120 கட்டடங்கள்.

ஒவ்வொரு வளாகமும் குறுகலான முன்புறமும் நீண்ட கொல்லைப்புறமும் கொண்ட மனை. திடலைப் பார்த்தபடி இரண்டு முக்கோண முகப்புகள் நிற்கும். ஒன்று குடியிருப்பு, மற்றொன்று பெரும்பாலும் தானியக் களஞ்சியம். இரண்டையும் இணைக்கும் மதில் சுவரில் வண்டி நுழையும் அளவுக்கு வளைவு வாயில் ஒன்றும், ஆள் நுழையும் சிறு வாயில் ஒன்றும் இருக்கும். குடியிருப்பின் பின்னால் அதே கூரையின் கீழ் தொழுவம் நீளும். முற்றத்தின் கடைக்கோடியில் கதிரை அடுக்கிப் போரடிக்கும் கொட்டகை குறுக்காக நின்று வளாகத்தை மூடிவிடும். அதற்கப்பால் பழத்தோட்டம், பிறகு வயல். கொட்டகைகள் பின்வரிசையில் நிற்பதால், ஊரின் வெளிவிளிம்பு முழுதும் ஏறக்குறைய ஒரு தொடர்சுவர் போல் ஆகிவிடுகிறது.

இந்த ஒழுங்கு தானாக முளைத்ததன்று. 13ஆம் நூற்றாண்டுக் குடியேற்றத்தில், ஊரை நிறுவும் பொறுப்பை ஏற்ற முகவர் நிலத்தை அளந்து, சம அளவு மனைகளாகவும் வயல் பங்குகளாகவும் பிரித்து, குடியேறியவர்களுக்குப் பரம்பரை உரிமையோடு வழங்குவது வழக்கம். இவ்வூரின் வரைவு அந்தக் கைவேலையின் அடையாளத்தைத் தெளிவாகக் காட்டுகிறது.

இனி முகப்புகளைப் பார்ப்போம். இவ்வூரின் புகழுக்குக் காரணம் அவைதாம், எனவே சற்று விரிவாகச் சொல்வதைப் பொறுத்தருள வேண்டும். தென் பொஹீமிய நாட்டுப்புற பரோக் என்று அழைக்கப்படும் இந்தப் பாணி 1840 முதல் 1880 வரையிலான காலத்தில் செழித்தது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் பரவியிருந்த, அலங்காரம் மிகுந்த பரோக் கலை நகரங்களில் வழக்கொழிந்து ஏறத்தாழ நூறு ஆண்டு கழித்து, ஊர்ப்புறக் கொத்தனார்கள் அதைக் கையில் எடுத்தார்கள். தேவாலயங்களிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் கண்ட சுருள் விளிம்புகளையும் மாடக்குழிகளையும் அரைத்தூண்களையும் உழவர் வீட்டின் முகப்பில் சுதையால் வார்த்தார்கள். அளவு விகிதங்களைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படவில்லை. கல்வி கற்ற கட்டடக் கலைஞர் இரண்டு முறை யோசிக்கும் இடத்தில் அவர்கள் இன்னொரு சுருளைச் சேர்த்தார்கள். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. மஞ்சள், வெள்ளை, நீலம், இளஞ்சிவப்பு என்று நிறம் பூசி, உச்சியில் கட்டி முடித்த ஆண்டையும் பொறித்து வைத்தார்கள்.

ஏன் அந்தக் குறிப்பிட்ட காலம்? இரண்டு காரணங்கள் கூடிவந்தன. தீவிபத்தைத் தடுக்க அரசு 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து விதித்த கட்டுமான ஒழுங்குகள், மரத்தாலான வீடுகளையும் புகைபோக்கிகளையும் மெல்ல விலக்கிச் செங்கல்லுக்கும் கல்லுக்கும் வழி விட்டன. அடுத்து, 1781இல் பண்ணையடிமைக் கட்டு தளர்த்தப்பட்டதும், 1848இல் ஊதியமில்லாக் கட்டாய உழைப்பு முற்றாக ஒழிக்கப்பட்டதும் உழவருக்கு நிலத்தின் மீது முழு உரிமையையும் கையில் சிறிது பணத்தையும் தந்தன. நிலவுடைமையாளருக்குச் சென்ற உழைப்பும் பொருளும் வீட்டு முகப்புக்குத் திரும்பின என்று சொன்னால் பொருந்தும். ஆயினும் அவர்கள் புதிய வீட்டைப் பழைய மனையின் அதே எல்லைக்குள், அதே திசை நோக்கியே எழுப்பினார்கள்.

மறுமொழி 3: ஏட்டுச்சுவடி

மேலுள்ள இரு விளக்கங்களும் சரியானவையே. ஆனால், மனை எல்லைகள் நிலைத்ததற்கு மடாலயத்தின் தொடர்ச்சியான உரிமையை முதன்மைக் காரணமாக வரைபடப்பித்தன் ஐயா முன்வைத்ததில் எனக்கு மாறுபாடு உண்டு. ஒரே மடாலயத்தின் கீழ் நீண்ட காலம் இருந்தும் உருக்குலைந்த ஊர்கள் பல. இங்கே பெரிய காரணம் வாரிசுரிமை என்று கருதுகிறேன்.

செக் நாட்டு உழவர் பண்ணைகள் 1860களின் இறுதிவரை பாகப்பிரிவினைக்குத் தடைப்பட்டவையாக இருந்தன. பண்ணை முழுமையாக ஒரே வாரிசுக்குப் போகும். மற்றப் பிள்ளைகளுக்குப் பணமாகவோ சீராகவோ ஈடு கொடுத்து அனுப்புவார்கள். நிலவுடைமையாளருக்கு இது வசதி, ஏனெனில் வரியும் கடமையும் ஆளின் மேல் அல்லாமல் பண்ணையின் மேல் விதிக்கப்பட்டவை. பண்ணை உடைந்தால் கணக்கும் உடையும். பொறுப்பை ஒப்படைத்த முதிய பெற்றோர் அதே முற்றத்தில் ஒரு தனி அறையிலோ சிறு வீட்டிலோ ஒதுங்குவார்கள். ஆண்டுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பால், எத்தனை முட்டை, எந்தப் பழமரத்தில் பங்கு என்பதையெல்லாம் எழுத்து ஒப்பந்தத்தில் குறித்துக்கொள்வார்கள். மகனை நம்பாமல் எழுதிக்கொண்டார்கள் என்று நாம் நினைக்கத் தேவையில்லை. வரப்போகும் மருமகளையும் பஞ்ச காலத்தையும் எண்ணி எழுதியிருக்கக் கூடும்.

1520களின் கொள்ளைநோய்க்குப் பின் நடந்ததையும் இதே கோணத்தில் பார்க்க வேண்டும். அந்நோயில் ஊரில் இருவர் மட்டுமே உயிர் பிழைத்தனர் என்று கூறப்படுகிறது. மடாலயம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஜெர்மன் மொழி பேசும் குடும்பங்களை அழைத்து வந்து குடியமர்த்தியது. வந்தவர்கள் புதிதாக ஊர் வகுக்கவில்லை. கடமை ஏற்கெனவே எந்தெந்த மனையின் மேல் எழுதப்பட்டிருந்ததோ அந்தந்த மனையில் ஏறி அமர்ந்தார்கள். மொழி மாறியது, பண்ணை மாறவில்லை. 1895ஆம் ஆண்டுக் கணக்கின்படி ஊரில் ஜெர்மானியர் 157 பேர், செக் மக்கள் 19 பேர் மட்டுமே. சுதைச்சிற்பி அவர்கள் வியந்து போற்றும் முகப்புகளில் பெரும்பாலானவற்றைக் கட்டச் செய்தவர்கள் அந்த ஜெர்மன் மொழிக் குடும்பத்தினர்தாம். செக் நாட்டுப்புறக் கலையின் மணிமகுடம் என்று சில கையேடுகள் எழுதும்போது இந்த உண்மை ஏனோ விடுபட்டுப் போகிறது.

மறுவினா: மருதத்திணை

மூவருக்கும் நன்றி. பாகப்பிரிவினை பற்றிய விளக்கம் நான் எதிர்பாராதது. ஒன்று மட்டும் இன்னும் புரியவில்லை. ஜெர்மானியர் வெளியேற்றப்பட்ட பின் செக் நாட்டு எல்லைப் புறங்களில் பல ஊர்கள் முற்றிலும் அழிந்தன என்று படித்திருக்கிறேன். ஹோலஷோவிட்சே மட்டும் எப்படித் தப்பியது? பாதுகாக்க வேண்டும் என்று அப்போதே யாரேனும் முடிவெடுத்தார்களா?

மறுமொழி 4: வல்தாவாக்கரை

செக் நாட்டில் சில ஆண்டுகள் வாழ்ந்தவன் என்ற முறையில் இதற்கு விடை சொல்லலாம் என்று நினைக்கிறேன். அப்போது அப்படி ஒரு முடிவை யாரும் எடுக்கவில்லை. தப்பியதற்கு இடமும் வறுமையும் காரணம்.

1938இல் மியூனிக் ஒப்பந்தத்தின்படி செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை நாஜி ஜெர்மனி எடுத்துக்கொண்டது. அடுத்த ஆண்டு எஞ்சிய செக் நிலங்களையும் ஆக்கிரமித்தது. ஆறு ஆண்டு ஆக்கிரமிப்பின் கொடுமைகளுக்குப் பின், 1945, 1946ஆம் ஆண்டுகளில் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து சுமார் 30 லட்சம் ஜெர்மானியர் குடியுரிமையும் சொத்தும் பறிக்கப்பட்டு வெளியேற்றப்பட்டனர். ஹோலஷோவிட்சேயின் குடும்பங்களும் அவ்வாறே போயின. பண்ணைகள் பல வெறுமையாயின. சிலவற்றில் நாட்டின் உட்பகுதிகளிலிருந்து வந்த செக் குடும்பங்கள் அமர்ந்தன. வந்தவர்களுக்கு அந்த மண்ணோடும் வீட்டோடும் முன்னுறவு எதுவும் இல்லை.

அதே காலத்தில் தென்மேற்கே, செஸ்கி க்ரும்லோவ் நகருக்கு அப்பால் உள்ள போலெதிட்சே பகுதி இராணுவப் பயிற்சிக் களமாக மாற்றப்பட்டது. அங்கிருந்த ஊர்கள் பல மறைந்தன. ஷுமாவா மலைகளில் ஆஸ்திரிய, பவேரிய எல்லைகளை ஒட்டி, மேற்கு நாடுகளுக்குத் தப்புவோரைத் தடுக்கக் கம்யூனிச ஆட்சியின் முள்வேலி எழுந்ததும், வேலிக்கு அருகில் இருந்த வெற்றுக் கிராமங்களை 1950களில் இடித்துத் தள்ளினார்கள். ஹோலஷோவிட்சே அந்தத் தடை வலயத்துக்கு வெளியே, உள்நாட்டுப் பக்கம் தள்ளி இருந்தது. சில பத்துக் கிலோமீட்டர் தெற்கே இருந்திருந்தால் இந்த உரையாடலுக்கே இடம் இருந்திருக்காது.

அடுத்தது கூட்டுப்பண்ணை. 1949இல் இயற்றப்பட்ட சட்டத்தின் பின் செக் நாடெங்கும் உழவர் நிலங்கள் கூட்டுறவுப் பண்ணைகளாக இணைக்கப்பட்டன. வரப்புகளை உழுது அழித்து, நீண்ட கீற்று வயல்களைப் பெருநிலப் பரப்புகளாக்கினார்கள். இங்கே ஒரு முரண் இருக்கிறது. இடைக்கால மனை வரைவு என்று நாம் பேசுவது வீட்டுமனைகளுக்கு மட்டுமே பொருந்தும். அந்த மனைகளுக்கு உரிய வயல் வகுப்பு அவ்வாறு தப்பவில்லை. எனவே ஊரின் பாதியைத்தான் பாதுகாத்திருக்கிறார்கள் என்று ஒருவர் வாதிட்டால், அதை மறுப்பது எளிதன்று.

கட்டடங்களைப் பொறுத்தவரை நடந்தது புறக்கணிப்பு. செழிப்பான ஊர்களில் 1960களிலும் 1970களிலும் பழைய முகப்புகளை இடித்து அகன்ற சன்னல்களும் தட்டையான கூரைகளும் வைத்துப் புது வீடு கட்டினார்கள். அது முன்னேற்றத்தின் அடையாளமாக எண்ணப்பட்டது. ஹோலஷோவிட்சேயில் அதற்குப் பணமோ ஆர்வமோ உடையவர்கள் குறைவு. கூரை ஒழுகியது, சுதை உதிர்ந்தது, ஆனால் எதையும் மாற்றிக் கட்டவில்லை. 1990க்குப் பிறகுதான் பண்ணைகளைச் சீரமைத்து மக்கள் மீண்டும் குடியேறும் வேலை தீவிரமாயிற்று. 1995இல் கிராமப் பாரம்பரியக் காப்பிடம் என்ற அரசுப் பாதுகாப்பும், மூன்று ஆண்டு கழித்து யுனெஸ்கோ ஏற்பும் கிடைத்தன. ஆகவே இன்று நாம் காணும் பளிச்சென்ற வண்ணங்கள் கடந்த சில பத்தாண்டுகளின் பூச்சு என்பதையும் மறக்கக் கூடாது.

ஏட்டுச்சுவடி அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஜெர்மன் பக்கத்தை மறைப்பது முன்பு அதிகம். இப்போது அங்கே யாரிடம் பேசினாலும், வீட்டைக் கட்டிய குடும்பம் எது, எப்போது போயிற்று என்று தயக்கமின்றிச் சொல்கிறார்கள். கையேடுகள்தாம் பின்தங்கி இருக்கின்றன.

மறுமொழி 5: சுதைச்சிற்பி

வல்தாவாக்கரை அவர்கள் வயல் வகுப்பைப் பற்றிச் சொன்னது முக்கியமானது. ஆனால் ஊரின் பாதிதான் தப்பியது என்ற கணக்கை நான் அப்படியே ஏற்க மாட்டேன். ஹோலஷோவிட்சே அரிதாவது ஒரு நல்ல வீட்டினால் அன்று. தென் பொஹீமியாவில் இதைவிடத் தேர்ந்த தனி முகப்புகள் வேறு ஊர்களில் உண்டு. அங்கெல்லாம் இரண்டு வீடு தள்ளி ஒரு காங்கிரீட் கடையோ பேருந்து நிழற்குடையோ வந்து வரிசையைக் கெடுத்துவிடும். இங்கே திடலின் நான்கு பக்கமும் ஏறக்குறைய இடைவெளி இல்லாமல் நிற்கின்றன. ஒரு முழுத் தொகுதியாக அவ்வளவு கிடைப்பது மத்திய ஐரோப்பாவிலேயே மிகக் குறைவு.

போய்ப் பார்க்கும் எண்ணம் மருதத்திணைக்கு இருந்தால் சில குறிப்புகள். செக் நாட்டின் வடகிழக்கில் ஓபவா நகருக்கு அருகே ஏறத்தாழ இதே பெயரில் ஹோலஸோவிட்சே என்று வேறொரு ஊர் இருக்கிறது. வழிகாட்டிச் செயலியில் எழுத்தைக் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கிராமத்தின் புறத்தே ஒரு கற்கள் வட்டம் நிற்கிறது. அதைத் தொல்பழங்காலச் சின்னம் என்று எண்ணிப் பரவசப்பட வேண்டாம், 2008இல் அமைத்தது அது. ஜூலை மாதத்தில் உழவர் திருவிழா நடக்கும் நாட்களில் கைவினைக் கடைகளும் கூட்டமும் திடலை நிறைத்துவிடுவதால், மனை வரைவைப் படிக்க விரும்புகிறவர் வேறு நாளில் செல்வதே நல்லது. மாலை வெயில் மேற்கிலிருந்து சாயும் நேரத்தில் கிழக்கு வரிசை முகப்புகளின் சுதை வேலைப்பாடு நிழலோடு துலங்கும். மேற்கு வரிசைக்குக் காலை நேரம் ஏற்றது.